ஓடை வந்து சேரும் இடம்

மூன்று மணி நேரத்தில் 17 மீன். அத்தனையும் குளிர்ந்த தண்ணீரில் வாழும் ட்ரவுட், அதில் நாலைந்து ஒரு முழத்துக்குக் குறையாதவை. பூச்சி மாதிரி கட்டிய பொய் இரையை வீசிப் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங்கை மலையாற்றில் செய்கிறவர்களுக்கு இந்த எண்ணிக்கை எவ்வளவு பெரியது என்று தெரியும். காலையிலிருந்து இருட்டும்வரை தண்ணீரில் நின்று இரண்டு மீனைப் பார்த்துவிட்டுத் திரும்பினாலே மனசு நிறைந்துபோகிற வேலை இது. அந்தக் கோடை மதியத்தை என் நண்பன் இன்றும் "நம்ம வாழ்க்கையிலேயே பெரிய நாள்" என்றுதான் சொல்கிறான். யாராவது புதிதாக எங்களோடு சேர்ந்தால் அவன் முதலில் சொல்லும் கதை அதுதான். இரண்டு வருடம் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவன் அந்தக் கதையை ஆரம்பித்தால் எனக்கு உள்ளுக்குள் என்னமோ செய்கிறது. அவன் சொல்வதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது, ஆனாலும் அது நல்ல நாள்தானா என்ற கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது. எழுதிப் பார்த்தால்தான் எனக்கே தெளியும்.

அன்றைக்குக் காலையிலிருந்து ஒன்றும் அகப்படவில்லை. கோடை முடியப்போகிற சமயம். மேலே பனியெல்லாம் உருகி வடிந்து வாரக்கணக்காகியிருந்தது, ஆறு இளைத்துக் கிடந்தது, எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும் பாறைகள் முதுகு காட்டிக்கொண்டிருந்தன, கூழாங்கற்களின் மேல் பழுப்புப் பாசி. வழக்கமாக மீன் நிற்கும் மடுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே கீழே இறங்கினோம். எதிலும் அசைவில்லை. மதியம் இரண்டு மணி சுமாருக்கு, காட்டுக்குள்ளிருந்து ஒரு சின்ன ஓடை வந்து ஆற்றில் சேரும் இடத்துக்கு வந்தோம். ஒரே எட்டில் தாண்டிவிடலாம், அவ்வளவு சின்ன ஓடை. அது சேர்ந்த இடத்துக்குக் கீழே, கரையை ஒட்டி, பத்தடி அகலமும் முப்பது நாற்பதடி நீளமுமாக ஒரு பட்டை மட்டும் மற்ற தண்ணீரைவிடக் கொஞ்சம் தெளிவாக இருந்தது. நண்பன் அங்கே முதல் வீச்சு வீசினான். நீருக்கடியில் வாழும் பூச்சிக்குஞ்சு மாதிரி கட்டிய பொய் இரையான நிம்ஃப் தண்ணீரைத் தொட்டுக் கொஞ்ச தூரம் போவதற்குள் தூண்டில் நரம்பு விறைத்தது. அப்புறம் வீசுவதும் எடுப்பதுமாகவே ஐந்து மணி வரை நின்றோம். பிடித்த எல்லாவற்றையும் திரும்ப விட்டோம். மீன் சுலபமாகக் கழலட்டும் என்று தூண்டில் முள்ளின் எதிர்முள்ளை முன்பே நசுக்கி வைத்திருந்தோம், கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட்டோம். பெரியவை சிலவற்றைத் தூக்கிப் படம் எடுத்தோம். செய்யவேண்டியதையெல்லாம் சரியாகச் செய்தோம் என்ற திருப்தியோடுதான் வீடு திரும்பினோம்.

தண்ணி எப்படி இருக்கு?

தூண்டில்காரர்கள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் முதல் கேள்வி இதுதான். கேட்பவர் உண்மையில் கேட்பது என்னவென்றால், இறங்கி நிற்க முடியுமா, அடி தெரிகிறதா, கடிக்கிறதா. மூன்றுக்கும் ஆமாம் என்றால் நிலைமை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பல வருடம் நானும் என் நோட்டில் இந்தக் கணக்கில்தான் ஒவ்வொரு நாளையும் நல்லது, சுமார், மோசம் என்று எழுதிவைத்தேன். அந்த நோட்டை இப்போது புரட்டினால், நமக்கு நல்லதாக இருந்ததும் மீனுக்கு நல்லதாக இருந்ததும் பாதி நாட்கள் சேரவே இல்லை என்று தெரிகிறது.

மலைப்பனி மொத்தமாக உருகும் வாரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வசந்தத்தின் கடைசியிலிருந்து கோடைத் தொடக்கம் வரை ஆறு கலங்கி, கரை தட்ட, மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு ஓடும். நோட்டில் நான் "மோசம்" என்று எழுதிய நாட்களில் பெரும்பாதி இவைதான். ஆனால் அந்த வெள்ளம்தான் கூழாங்கற்களுக்கு நடுவே அடைத்துக்கிடக்கும் வண்டலைக் கழுவிக்கொண்டு போகிறது. ட்ரவுட் முட்டையிடுவது அந்தக் கற்களுக்குள்ளேதான். முட்டைக்கு மூச்சுக்காற்று கொண்டுவரும் தண்ணீர் கற்களின் இடுக்கு வழியாக ஓடவேண்டும், வண்டல் அடைத்தால் முட்டை செத்துப்போகும். மீனும் அந்த வாரங்களில் பட்டினி கிடப்பதில்லை. நடு ஆற்றின் வேகத்தை விட்டுவிட்டுக் கரைப் புல்லுக்கு ஒரு கையெட்டும் தூரத்தில், வெள்ளம் அடித்துக்கொண்டு வரும் புழுவையும் பூச்சிக்குஞ்சுகளையும் தின்றுகொண்டு நிற்கும். இது புரிந்தபிறகு உருகுகிற காலத்திலும் போக ஆரம்பித்தேன். தண்ணீரில் இறங்கவே மாட்டேன். கரையில் பின்தள்ளி நின்று, கனமான கறுத்த நிம்ஃபைப் புல்லோரமாகவே விடுவேன்.

அந்தக் காலத்தில் ஆற்றுக்கு ஒரு தினசரி மூச்சும் உண்டு. பனி அதிகம் உருகுவது பிற்பகல் வெயிலில், அந்தத் தண்ணீர் நாம் நிற்கும் இடத்துக்கு வந்துசேர மணிக்கணக்காகும். அதனால் சாயங்காலமோ ராத்திரியோ மட்டம் ஏறி, காலையில் இறங்கி இருக்கும். எத்தனை மணிக்கு ஏறும் என்பது பனிக்கும் உங்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது. பனியாறு ஊட்டும் நதிகளில் கணக்கு இன்னும் வேறு. நடுக்கோடையில், வானம் துல்லியமாக இருக்கும் நாட்களில்தான், பாறையை அரைத்த மாவு கலந்து பால்போல வெளுத்து ஓடும். ராத்திரி உறைபனி தொடங்கும் இலையுதிர்காலத்தில் தெளியும். அந்த மாதிரி ஆற்றுக்குக் கோடையில் போய்விட்டு மீனே இல்லை என்று திரும்பிய ஆட்களை எனக்குத் தெரியும்.

அதேபோல் தூறல். மேகம் மூடி, காற்றில் ஈரம் ஊறி, விரல் நுனி மரத்துப்போகிற வசந்த நாளோ இலையுதிர்கால நாளோ வந்தால் வீட்டில் இருக்கத்தான் தோன்றும். ஆனால் பேட்டிஸ் வகை மேஃப்ளைகள் என்ற சின்ன நீர்ப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக மேலே வருவது அப்படிப்பட்ட நாளில்தான். நீருக்கடியில் மாதக்கணக்கில் வளர்ந்த குஞ்சு மேற்பரப்புக்கு வந்து, தோலுரித்து, இறக்கை காய்ந்து பறக்கவேண்டும். வெயில் நாளில் சீக்கிரம் பறந்துவிடும். குளிரும் ஈரமுமாக இருந்தால் அதற்கு நேரம் பிடிக்கிறது, சின்னப் பாய்மரம் மாதிரி இறக்கையை நிமிர்த்திக்கொண்டு தண்ணீரிலேயே மிதந்துகொண்டு வரும். மீன் இடத்தைவிட்டு நகராமல் மூக்கை மட்டும் தூக்கி ஒவ்வொன்றாக எடுக்கும். மேற்பரப்பில் மிதக்கும் பொய்ப்பூச்சியான உலர்ஈயைப் போட்டுப் பிடிப்பதற்கு இதைவிட அழகான நேரம் ஒன்றை நான் பார்த்ததில்லை.

காற்றழுத்தமானியைப் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் மட்டும் எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு. அழுத்தம் இறங்கினால் மீன் கடிக்கும், ஏறினால் கடிக்காது என்பார்கள். காற்றழுத்தத்தை அளக்கும் அலகான ஹெக்டோபாஸ்கல் ஒன்று என்பது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஆழத்துத் தண்ணீரின் அழுத்தம். ஒரு புயல் வந்து 20 ஹெக்டோபாஸ்கல் இறங்கினாலும், மீன் ஒரு சாண் கீழே போனால் அந்த வித்தியாசம் சரியாகிவிடும், அது ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அதைவிட அதிகமாக மேலும் கீழும் போய்வருகிறது. அழுத்தத்தோடு கூடவே வரும் மேகமும் காற்றும் வெளிச்சக் குறைவும்தான் வேலை செய்கின்றன என்று நான் நினைக்கிறேன்.

இலையுதிர்காலத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என் கேள்வி முதலில் முளைவிட்டது அங்கேதான். பிரவுன் ட்ரவுட், புரூக் ட்ரவுட் இரண்டும் இலையுதிர்காலத்தில் முட்டையிடும்; ரெயின்போவுக்குப் பொதுவாக வசந்தம். பெண் மீன் வாலால் அடித்து அடித்துக் கூழாங்கல் தரையில் ஒரு பள்ளம் தோண்டும். பாசியும் வண்டலும் போய், சுற்றியிருக்கும் தரையைவிட அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். கணுக்கால் ஆழத் தண்ணீரில், பட்டப்பகலில், பெரிய மீன் அந்த வெள்ளைத் திட்டின்மேல் நிற்கும். கிட்டே எது வந்தாலும் விரட்டிக் கடிக்கும். பிடிக்க ரொம்ப எளிது. அதன்மேல் வீசக்கூடாது, அந்தத் திட்டில் காலையும் வைக்கக்கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பழக்கியிருந்தார். முட்டைகள் குளிர்காலம் முழுக்க அந்தக் கற்களுக்குள்தான் கிடக்கும், பொரித்த குஞ்சும் வசந்தம் வரை அங்கேயே இருக்கும், ஒரு பூட்ஸ் மிதி போதும். இதை நான் விசுவாசமாகக் கடைப்பிடித்து வந்தேன். ஆனால் அந்த மீன் ஏன் அவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது என்றால், அது அந்த இடத்தைவிட்டு நகர முடியாத நிலையில் இருக்கிறது என்பதால்தான். அந்த 17 மீனையும் இதையும் சேர்த்துப் பார்க்க எனக்கு இரண்டு வருடம் ஆனது.

ஏரிக்காக வாங்கிய தெர்மாமீட்டர்

தெர்மாமீட்டரை நான் ஆற்றுக்காக வாங்கவில்லை. மலையேரியில் மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று தெரியாமல் குழம்பிப்போய், மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கலாம் என்று வாங்கினேன். ஏரியின் கணக்கு முழுக்க ஒரே ஒரு எண்ணில் தொங்குகிறது: தண்ணீர் மிகக் கனமாக இருப்பது 4 டிகிரி செல்சியஸில். அதைவிடக் குளிர்ந்தாலும் லேசாகிவிடும், சூடானாலும் லேசாகிவிடும். குளிர்காலத்தில் மேலே 0 டிகிரியில் பனித்தகடு, அடியில் 4 டிகிரி. வசந்தத்தில் தகடு உடைந்து கரைந்து, மேல்தண்ணீரும் 4 டிகிரிக்கு வந்ததும் மேலிருந்து கீழ்வரை ஒரே கனம், ஒரு நல்ல காற்று வீசினால் ஏரி முழுக்கக் கலந்து புரண்டுவிடும். ஆக்சிஜன் அடிக்குப் போகும், அடியில் கிடந்த சத்து மேலே வரும். கலங்குகிற அந்தச் சில நாட்கள் மீன் எங்கே என்றே சொல்ல முடியாது. அது கழிந்தபிறகு கரையோரத்துக்கு வரும், ஏனென்றால் ஆழம் குறைந்த இடம்தான் முதலில் சூடாகி, பூச்சிக்கு உயிர் வரும். அப்போது கைரோனமிட் கொசுவின் கூட்டுப்புழுக்கள் அடியிலிருந்து மேலே ஏறும். அவை ஏறுகிற வேகம் இருக்கிறதே, பொறுமையைச் சோதிக்கும். நரம்பை இழுக்கிறோமா இல்லையா என்று நமக்கே சந்தேகம் வருகிற அளவுக்கு மெதுவாக இழுக்கவேண்டும்.

கோடையில் ஏரி அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். மேலே வெதுவெதுப்பான தண்ணீர், நடுவே சில மீட்டருக்குள் வெப்பம் சட்டென்று இறங்கும் ஒரு அடுக்கு, அதற்குக் கீழே குளிர். சத்து நிறைந்த ஏரிகளில் அடியில் மக்குகிற குப்பை அங்கேயிருக்கும் ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும், அதனால் மேலே போனால் சூடு, கீழே போனால் மூச்சுமுட்டல், மீன் நடுவில் ஒரு மெல்லிய அடுக்கில் மாட்டிக்கொள்ளும். மரங்கள் முடிந்து வெறும் பாறையும் புல்லுமாக இருக்கும் உயரத்துச் சின்ன ஏரிகளில் இந்தக் கஷ்டம் குறைவு. அங்கே பனித்தகடு சில வருடம் நடுக்கோடை வரைக்கும்கூடக் கிடக்கும், மீனுக்கு வருடத்தில் சாப்பிடக் கிடைப்பதே இரண்டு மூன்று மாதம். பிற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மேலே வீசும் காற்று எறும்பையும் வண்டையும் கொண்டுவந்து ஏரியில் கொட்டும். அதே பிற்பகலில்தான் இடியும் வரும். தூரத்தில் முழக்கம் கேட்ட உடனே கோலைக் கீழே வைத்துவிட்டு இறங்கிவிடுங்கள், கார்பன் ஃபைபர் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும்.

சரி, தெர்மாமீட்டர் விஷயம். கயிற்றில் கட்டிய அந்தக் கருவி பையிலேயே கிடந்தது. அப்படியேதான் அந்தக் கோடையில், பெரிய நாளுக்குச் சரியாக இரண்டு வருடம் கழித்து, நான் தனியாக அதே ஆற்றுக்குப் போனேன்.

மறுபடி அதே இடம்

உண்மையைச் சொன்னால் இன்னொரு 17 கிடைக்கும் என்ற ஆசையில்தான் போனேன். மேலே எங்கும் நிற்காமல் நேராக ஓடை சேரும் இடத்துக்கே இறங்கினேன். மணி மூன்று இருக்கும். ஆறு அன்றைக்கு இருந்த மாதிரியே இளைத்திருந்தது. எதிர்க்கரையில் ஒரு உயரமான பாறை, அதில் ஏறி முதலில் பார்ப்போம் என்று தோன்றியது. மேலேயிருந்து பார்த்தபோது மீன்கள் தெரிந்தன. அந்தத் தெளிந்த பட்டைக்குள், ஒன்றையொன்று உரசாத குறையாக, எல்லாம் தலையை ஓடைப் பக்கம் வைத்துக்கொண்டு நின்றன. ட்ரவுட் அப்படி நிற்காது. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு இடம் பிடித்துக்கொண்டு, கிட்டே வருகிறதை விரட்டும் மீன் அது. இங்கே பெரிதும் சிறிதும் ஒரே வரிசையில் நின்றன.

நான் எழுந்தபோது என் நிழல் தண்ணீரில் விழுந்துவிட்டது. அவ்வளவுதான், இன்று போச்சு என்று நினைத்தேன். மலையாற்று ட்ரவுட்மேல் ஒரு நிழல் விழுந்தால் அம்பு மாதிரி மடுவுக்குள் போய் மறைந்துவிடும், அரைமணி நேரம் வெளியே வராது. இவையும் சிதறி ஓடின, பட்டையைத் தாண்டி நடு ஆற்றுக்குள் போயின. போன வேகத்தில் வளைந்து திரும்பின. நான் இன்னும் பாறைமேல் நின்றுகொண்டுதான் இருக்கிறேன், நிழல் இன்னும் தண்ணீரில்தான் கிடக்கிறது, ஒரு நிமிடம் ஆகவில்லை, ஒவ்வொன்றாக அதே பட்டைக்குள் வந்து நின்றுகொண்டன. நான் கையை ஆட்டினேன். மறுபடி ஓடின, மறுபடி வந்தன. மூன்றாவது தடவை சில மீன்கள் ஓடவே இல்லை.

கீழே இறங்கிப் பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்தேன். நடு ஆற்றில், முழங்கால் ஆழத்தில், ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்திருந்து பார்த்தேன்: 22.5. ஓடைக்குள் 13. மீன் நின்ற பட்டையின் ஓரத்தில் 16. நம்பாமல் மூன்றையும் மறுபடி எடுத்தேன். அன்றைக்கு நான் கோலைப் பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை. கரையில் உட்கார்ந்து, அந்த மதியம் நாங்கள் எங்கே நின்றோம் என்று யோசித்தேன். நடு ஆற்றில்தான். வீச வசதியாக, கிளைகள் தடுக்காமல், பட்டையைப் பார்த்தபடி நடு ஆற்றில் நின்றோம். கடித்த ஒவ்வொரு மீனையும் அந்தக் குளிர்ந்த இடத்திலிருந்து வெளியே இழுத்து, சூட்டில் போராடவைத்து, எங்கள் முழங்காலுக்குக் கொண்டுவந்தோம். அளந்தோம், தூக்கிப் படம் எடுத்தோம். அப்புறம் அங்கேயே தண்ணீரில் பிடித்து, மூக்கை ஓட்டத்துக்கு எதிராக வைத்து, மூச்சு வாங்கட்டும் என்று ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் ஆதரவாகப் பிடித்திருந்தோம். அதைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு 22 டிகிரித் தண்ணீரில் பிடித்திருந்தோம். எனக்கு உறுத்துவது வேறெதையும்விட இதுதான்.

ட்ரவுட்டுக்கு 20 டிகிரியைத் தாண்டினாலே சிரமம், 25 வாக்கில் உயிருக்கே ஆபத்து. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் கரைவது குறைவு, அதே சமயம் மீனின் உடம்புக்குத் தேவை அதிகம். இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. கடல்மட்டத்தில் 10 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 20 டிகிரியில் 9.1 தான். 10 டிகிரி ஏறினால் மீனின் தேவையோ ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. மலைக்காரர்கள் மறந்துவிடுகிற இன்னொன்றும் உண்டு: 2000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு, அதனால் அதே 20 டிகிரித் தண்ணீர் அங்கே 7 சொச்சம் மில்லிகிராம்தான் தாங்கும். கீழே சமவெளி ஆற்றுக்குச் சொன்ன வரம்பை அப்படியே மேலே தூக்கிக்கொண்டு போனால் தப்பாகிவிடும்.

அவன் கேட்ட கேள்வி

நண்பனிடம் சொன்னேன். அவன் சுலபமாக ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை, அதனால்தான் அவனோடு பேசுவது எனக்குப் பிடிக்கும். "ஒரு மீனாவது செத்து மிதந்துச்சாடா? எல்லாம் நீந்தித்தானே போச்சு? உடம்பு முடியாத மீன் அப்படிக் கடிக்குமா?" என்றான். நியாயமான கேள்விகள். கடித்ததற்குப் பதில் இருக்கிறது: அந்தப் பட்டைக்குள் இருக்கும்வரை அவை நன்றாகத்தான் இருந்தன, 16 டிகிரியில் ட்ரவுட்டுக்குப் பசிக்கும், பசித்த வாயெல்லாம் ஒரே இடத்தில் நெருக்கிக்கொண்டு நின்றால் போடுகிறதையெல்லாம் எடுக்கும். அதைவிட்டு வெளியே இழுத்தது நாங்கள்.

நீந்திப் போனதைப் பற்றித்தான் எனக்கு நிம்மதி இல்லை. 1992இல் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இருவர் ரெயின்போ ட்ரவுட்டை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. மீன்களைக் களைத்துப்போகும்வரை ஓடவிட்டு, சிலவற்றைத் தண்ணீரிலேயே விட்டார்கள், சிலவற்றை 30 விநாடி காற்றில் வைத்தார்கள், சிலவற்றை 60 விநாடி. 12 மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, தண்ணீரிலேயே இருந்தவற்றில் 12 சதவீதம் இறந்திருந்தன. 30 விநாடி வெளியே இருந்தவற்றில் 38. ஒரு நிமிடம் இருந்தவற்றில் 72. ஆய்வகத் தொட்டியில் நடந்தது ஆற்றில் அதே அளவில் நடக்கும் என்று நான் சொல்லவரவில்லை. சாவு உடனே வருவதில்லை என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நம் கையைவிட்டு வாலை அடித்துக்கொண்டு பாய்ந்து போகிற மீன் ராத்திரி ஏதோ ஒரு மடுவின் அடியில் கிடந்தால் நமக்குத் தெரியப்போவதில்லை. எங்கள் படங்களை எடுத்துப் பார்த்தேன். ஒரே மீனுக்கு நான்கைந்து படம், நேரம் பார்த்தால் முதல் படத்துக்கும் கடைசிக்கும் 40 விநாடிக்கு மேல்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் இதற்கு ஒரு விதியே வைத்திருக்கிறார்கள். ஆற்றின் உச்ச வெப்பம் தொடர்ந்து மூன்று நாள் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது சுமார் 23 செல்சியஸை, எட்டினால் பிற்பகல் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை அந்தப் பகுதியில் மீன்பிடிக்கத் தடை போடுவார்கள். ஆந்தைத் தடை என்று பேச்சுவழக்கில் பெயர். அந்த நேரத்தைக் கவனியுங்கள். வெயில் தாழ்ந்தபிறகு போகலாம், சாயங்காலம் குளுமையாக இருக்கும் என்றுதான் நாமெல்லாம் நினைக்கிறோம். குளுமையாவது காற்று. ஆறு பகல் முழுக்கச் சேர்த்த சூட்டை வைத்துக்கொண்டு பிற்பகல் கடைசியிலும் முன்மாலையிலும்தான் உச்சத்தில் இருக்கும், ராத்திரியெல்லாம் ஆறி, விடியும் சமயத்தில்தான் மிகக் குளிர்ந்திருக்கும். நாங்கள் நின்றது இரண்டிலிருந்து ஐந்து.

"கரையில மரத்தை வெட்டுறவன், ஆத்துத் தண்ணியைத் திருப்புறவன் எல்லாத்தையும் விட்டுட்டு நம்ம ரெண்டு பேரோட ஒரு மதியத்தைப் புடிச்சுக்கிட்டுத் தொங்குறியே" என்றும் கேட்டான். அதுவும் சரிதான். நிழல் போன ஓடை சூடாகும், அந்த ஓடை சூடானால் அதை நம்பி நிற்கிற மீன் எல்லாம் ஒரே கோடையில் போய்விடும், எங்கள் 17 அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. நான் அவனிடம் தோற்றேன் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் மரத்தை வெட்டுகிறவன் அந்த மீனை விரும்புவதாகச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. நான் சொல்லிக்கொண்டு போகிறேன்.

போன கோடையில் இருவரும் சேர்ந்தே போனோம், புதிதாகப் பழகுகிற ஒரு பையனும் கூட வந்தான். இருட்டோடு கிளம்பி, வெளிச்சம் வரும்போது மேல்பகுதி நீரோட்டங்களில் நின்றோம். தண்ணீர் 14.5. ஒன்பதரை மணிக்கு 18ஐத் தாண்டியது, கோல்களைக் கழற்றிப் பையில் போட்டோம். மூன்று பேருக்கும் சேர்த்து நாலு மீன். திரும்பும் வழியில் ஓடை சேரும் இடத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நண்பனே சொன்னான். வெயில் ஏறும்வரை காத்திருந்து, பாறைமேல் நிழல் விழாதபடி குப்புறப் படுத்துக்கொண்டு அவன் எண்ண ஆரம்பித்தான். முப்பதைத் தாண்டியதும் அவை இடம் மாறி மாறி நின்றதில் எண்ணிக்கை தப்பிவிட்டது, மறுபடி முதலிலிருந்து எண்ணினான். நான் தெர்மாமீட்டரை நீட்டினேன், வாங்கி இறங்கிப்போய் ஆற்றிலும் ஓடையிலும் மாறிமாறி வைத்துப் பார்த்துவிட்டு வந்தான். ஒன்றும் சொல்லவில்லை.

இறங்கும்போது அந்தப் பையனிடம் 17 மீன் கதையை வழக்கம்போல ஆரம்பித்தான். முதல் வீச்சு, விறைத்த நரம்பு, முழத்துக்குக் குறையாத மீன், ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. "எந்த இடத்துலண்ணே?" என்று பையன் கேட்டான். அவன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கீழே எங்கேயோ என்று சொல்லிவிட்டு நடந்தான்.